அலிப்பூரில் கேட்ட முகவரி

ஜனவரி 6, செவ்வாய்
ஒன்பது மணி வரை பனி. முட்டி வலி. கேஸ் புக் பண்ண வேண்டும்.

செல்விக்கு அறை கிடைத்துவிட்டது! கமலா மாமி வீட்டுப் பின்பக்கம். ஒரே ஜன்னல். போதும். வெள்ளிக்கிழமை அலிப்பூரில் குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் முகவரி காட்டினால், விடுதியில் இருக்கும் மகள் துர்கா அவளோடு வந்துவிடுவாள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம்.

டாலிகஞ்ச் மெட்ரோ பக்கம் நடைபாதையில் படுப்பவள் என்று மாமியிடம் சொல்லவில்லை. "சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பொண்ணு, ரெண்டு வீட்டுல சமையல்" என்று போனில் அவள் படத்தைக் காட்டினேன். புருஷன் சாகும்வரை அது நிஜம்தானே.

செல்வி கேட்டது ஒன்றுதான். "உள்பக்கம் தாப்பாள் இருக்குமாக்கா?"

ஜனவரி 7, புதன்
நடைபாதையில் படுப்பவர்களுக்கு எங்கள் சங்கத்தின் கம்பளி தானம். யாரோ ஒருவரின் அம்மா நினைவாக. புது அறைக்கு ஆகுமே என்று செல்வியையும் நான்தான் வரச் சொன்னேன். மூன்று வருஷத்தில் ஐந்தாவது கம்பளி. மற்றதெல்லாம் எங்கே?

"ரெண்டு மழையில போச்சு. ரெண்டு திருடு போச்சுக்கா."

கொடுத்தவருக்குக் காட்டப் படம் எடுப்பது வழக்கம். மார்போடு தூக்கிப் பிடி, முகம் தெரியணும், இங்க பாரு. எப்போதும் நான் சொல்வது. எல்லாப் படத்தையும் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

ஜனவரி 8, வியாழன்
ஏழு மணிக்கே மாமி போன்.

"குரூப்ல பார்த்தேன். கம்பளி வாங்கறது அந்தப் பொண்ணுதானே?"

மாமி குரூப்பில் இருக்கிறாள். எனக்குத் தெரியும். எப்படி மறந்தேன்? பாவி நான்.

"ரோட்டுல படுக்கறவள்னு நீ சொல்லவே இல்லையேடி. பக்கத்தாத்து வங்காளி பௌதி என்ன நினைப்பா? சாப்பாடு வேணா தினம் தரேன். ரூம் மட்டும் கேக்காதே."

கெஞ்சினேன். அழுதேன். வைத்துவிட்டாள். படத்தை அழித்தேன். இனி எதற்கு?

வேறு இடம்:
– பால்காரர் வீட்டு அறை. ஆதாரில் முகவரி இருந்தால்தான் தருவாராம்.
– சந்தைக்குப் பின்னால் ஒரு அறை. காலையில்தான் போய்விட்டது.
– எங்கள் ஃப்ளாட். ஒன்றரை அறை. இவர் பக்கவாதத்தில் ஹாலில் கிடக்கிறார். இவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி
அலிப்பூர். துர்கா வராந்தாவில், பையை மடியில் வைத்துக்கொண்டு. இரட்டைப் பின்னல்.

கமிட்டி அம்மா நல்ல மாதிரி. முகவரி என்ன என்று வங்காளியில் கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் சங்கத்தின் கடிதத்தை நீட்டினேன். மூன்று வருஷமாக இவருக்கு உணவு, கம்பளி, மருந்து தருகிறோம் என்று நானே டைப் பண்ணியது. நிதானமாகப் படித்தார்.

"அப்ப மூணு வருஷமா நடைபாதையிலதான் இருக்காங்க, இல்லையா?"

கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். ஆறு மாதம். துர்கா பையோடு உள்ளே போனாள். பஸ்ஸில் செல்வி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 10, சனி
குளிர். சங்கத்தின் தயிர்சாதப் பொட்டலம், மெட்ரோ வாசலில். முட்டி வலி அதிகம். செயலாளர் இரண்டு தடவை, "மேடம், படம் எடுக்கலையே?" நான் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

செல்வியின் முறை. வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். போகவில்லை. பொட்டலத்தை மார்போடு தூக்கிப் பிடித்து, முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

"இங்க பாக்கணுமாக்கா?"