பூங்குழலியின் சிம்

5 ஜூலை 2024, வெள்ளி

தோல் ரகம் பிரிக்கும் இடத்தில் இன்று சரக்கு கம்மி. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் பூங்குழலி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நான் போட்டு வைத்த டீ ஆறிப்போனது. யாரும்மா என்றேன். "கூட வேலை செய்றவங்கப்பா." அவ்வளவுதான். அவள் அம்மா இருந்திருந்தால் பக்குவமாகக் கேட்டிருப்பாள். எனக்கு அந்த வித்தை தெரியாது.

8 ஜூலை, திங்கள்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

காலையில் அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். போன் சார்ஜில் கிடந்தது. போனுக்குத்தான் பூட்டு, சிம்முக்கு ஏது பூட்டு என்று நினைத்தேன். என் பட்டன் போனில் பேரெல்லாம் சிம்மில்தானே இருக்கிறது? ஊக்கால் குத்தி அவள் சிம்மை எடுத்து, சின்ன சிம்மைப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி, என் போனில் போட்டேன். நாலு எண் கேட்டது. அவள் பிறந்த வருடம் - தப்பு. அவள் அம்மா இறந்த வருடம் - தப்பு. எங்கள் கல்யாண வருடம், அதுவும் தப்பு. பிறகு எட்டு எண் கேட்டது. எட்டு என்றால் முழுத் தேதியாகத்தான் இருக்கும் என்று அவள் பிறந்த தேதியைப் போட்டேன். அதுவும் தப்பு. நிறுத்தினேனா? தெரிந்த தேதியெல்லாம் போட்டேன். கடைசியில் சிம் செல்லாது என்று வந்துவிட்டது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். அவசரமாகப் பழைய இடத்திலேயே சொருகினேன். அவள் ஈரத்தலையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். போனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சாயந்திரம் வந்து, "சிம் செல்லாதுன்னு காட்டுதுப்பா" என்றாள். பழசாகியிருக்கும் என்றேன். வயசுக்கு வந்த பெண்ணின் சிம்மைத் திருடிவிட்டு, கூசாமல் ஒரு பொய் வேறு. சீ!

9 ஜூலை, செவ்வாய்

போனை அணைத்துப் போட்டாள். சிம்மை ரப்பரால் துடைத்தாள். அடுத்த ஓட்டையில் மாற்றிப் போட்டாள். நான் டார்ச் பிடித்தேன். "வெளிச்சத்த கொஞ்சம் கிட்ட புடிப்பா." பிடித்தேன். என் முகம் இருட்டில் இருந்தது நல்லதாயிற்று.

10 ஜூலை, புதன்

என் போனில் பேசேன் என்று நீட்டினேன். வேண்டாம் என்றாள்.

11 ஜூலை, வியாழன்

சிம் கடைக்குப் போய்விட்டு வந்தாள். "எவனோ லாக்க தொறக்க தப்புத் தப்பா நம்பர் போட்டுக்கிறான்பா. அதான் செத்துப்போச்சாம்." அதே நம்பரில் புது சிம் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் அமிர்தவள்ளி எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்து டோக்கன் கொடுப்பாள். நாளெல்லாம் அங்கே கிடக்கிறதே என்றுதான் இவள் சிம்முக்கும் பூட்டு போட்டிருக்கிறாள். "கேட்லதாம்பா நடந்திருக்கும்."

இருக்கும் என்றேன். அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் திருப்பித் தள்ள முடியவில்லை.

13 ஜூலை, சனி

புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அமிர்தவள்ளியைக் கேட்டிலிருந்து தூக்கி, தோல் துண்டு பெருக்கப் போட்டுவிட்டார்களாம். அடுத்த வாரம் விசாரித்து வேலையை விட்டே நிறுத்தலாம் என்று பேச்சு.

"'நான் உன் போனுக்கு இன்னா பண்ணேன் பாப்பா'ன்னு அழுதாங்கப்பா. எனக்கே பேஜாரா இருக்கு. ஒருவேள அவங்க இல்லியோ?"

தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "நாந்தாம்மா அது" என்றேன். எது என்று கேட்டாள். சொன்னேன். பானையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"அவர் பேரு ஆல்வின். எங்க கம்பெனியில தோல் கட்டிங்ல வேலை செய்றாரு. இந்த மாசம் நானே சொல்றதா இருந்தேன். அதுக்குள்ள உனக்கு இன்னாப்பா அவசரம்?"

வேறு சாதி, வேறு சாமி. அதைப் பற்றிக் கேட்க எனக்கு இப்போது எந்த யோக்கியதையும் இல்லை.

15 ஜூலை, திங்கள்

ஷிப்ட் ஆரம்பிக்கும்போது கேட்டுக்குப் போனேன். பெண்கள் போனும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஆபீசரிடம் சொன்னேன். துடைப்பத்தோடு வந்த அமிர்தவள்ளியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஏண்ணா, பெத்த பொண்ணுகிட்ட கேக்க உனக்கு வாய் இல்லியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் பூங்குழலியும் அந்த வரிசையில்தான் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். என் மானத்தோடு அவள் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

18 ஜூலை, வியாழன்

அமிர்தவள்ளி மறுபடி கேட்டுக்கு வந்துவிட்டாளாம். பூங்குழலி சொல்லவில்லை, பஸ் டிரைவர் சொன்னார். என்னிடம் அவள் பேசுவது ஒன்றுதான்: "சோறு மூடி வெச்சிருக்கு."

28 ஜூலை, ஞாயிறு

பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் அவள் போன் அடித்தது. நான் எழுந்து தெருவுக்குப் போகப் பார்த்தேன்.

"அப்பா, யாருன்னு பாரு."

கையில் எடுத்தேன். திரையைப் பார்க்க முடியவில்லை. "கண்ணாடி இல்லம்மா" என்றேன்.

சோப்பு நுரைக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "மூக்கு மேலதாம்பா இருக்கு. ஆல்வினாதான் இருக்கும். எடுத்துப் பேசு."