கீழே எழுத இடமில்லாத கட்டுரை

பாய்,

நேற்று புதுவாயல் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கருவாட்டு மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று டீக்கடை ஓரமாக நின்றுவிட்டுப் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. ஐந்து வருடம் என் பக்கத்து மேஜையிலிருந்து வந்த வாசனை அது. உங்கள் குடும்பத்துக்குப் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம். நீ பொன்னேரியில் பஸ் மாறி ஆலைக்கு வந்து சேர்ந்தாலும் உன் பையில் அதுவும் கூடவே வந்துவிடும். ஆபீசில் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

நீ ஆலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. பேச வேண்டிய காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது என்ன பேச்சு என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ ஸ்டோர்ஸ், நான் டிஸ்பாட்ச். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற அந்த ஆலையில் எழுத்துக் கிறுக்குப் பிடித்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் கட்டுரைக்காரன். வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, நாலு முறை அடித்துத் திருத்தி, சிற்றிதழுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வலைப்பதிவு எழுதினாய். அப்போதுதான் எல்லோரும் பதிவு தொடங்கிக்கொண்டிருந்த காலம். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் புதுவாயல் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்காருவாய். எழுந்திருக்கும்போது பதிவு உலகத்துக்குப் போயிருக்கும். சொந்தப் பெயர் போடமாட்டாய், புனைபெயர்தான். மறுநாள் பார்த்தால் பதிவுக்குக் கீழேயே சிங்கப்பூரிலிருந்து ஒருவர் உன் ஒற்றுப்பிழையைத் திருத்தியிருப்பார், மதுரையிலிருந்து ஒருவர் சண்டை போட்டிருப்பார். இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பதிவைத் திருத்துவாய்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொறாமை என்று இன்று சொல்கிறேன். அன்று அதற்கு இலக்கியக் கொள்கை என்று பெயர். சூட்டோடு கொட்டுவது எழுத்தா, ஆற வேண்டாமா, யோசித்து ஒரு முடிவுக்கு வர வேண்டாமா என்று கேண்டீனில் உன்னைப் பிடித்துக்கொள்வேன். நீ ஒருநாள்தான் பதில் சொன்னாய்.

“ஒனக்கு முடிவு தெரிஞ்சப்பறம் எழுதற நைனா. எனக்கு ஒண்ணும் தெரியாது. யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னுதான் எழுதிக்கினு கீறேன்.”

அதைக்கூட நான் உன் பலவீனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஒரிசாப் பையனின் விபத்து. ஒப்பந்தத் தொழிலாளி, வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ரோலிலிருந்து எகிறிய சிவந்த கம்பி அவன் தொடையைச் சுற்றிக்கொண்டது. வேனில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள். மாலைக்குள் கேட் ரிஜிஸ்டரில் அவன் அன்று வரவேயில்லை என்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். நம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. உனக்கு மட்டும் ஒன்று கூடுதலாகத் தெரியும்: அன்று காலை அவன் உன் கையால் கையுறை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அன்று சாயங்காலமே அதைப் பதிவாகப் போட்டாய், அவன் பெயரோடு. ஆலையின் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை, அவன் பெயர் மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் நான் ஒரு கட்டுரை எழுதினேன். பதிவுக்கும் கட்டுரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. பதிவர் திரைக்குப் பின்னால் நின்று பேசுகிறார், கட்டுரையாளன் வெளிச்சத்தில் நின்று பொறுப்பேற்கிறான் என்பது என் வாதம். உதாரணத்துக்கு உன் பதிவை எடுத்துக்கொண்டேன். எழுதியவர் யார் என்று சொல்வதுதானே கட்டுரையின் நேர்மை? ‘பழவேற்காட்டிலிருந்து வந்து கம்பி ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கும் நண்பர்’ என்று சேர்த்தேன். திரையை விலக்குவதைப் பற்றி அவ்வளவு எழுதியவன் விலக்கியது உன் திரையை. என் தலை ஒன்றும் போகவில்லை.

அந்தச் சிற்றிதழை யார் படிக்கிறார்கள் என்று விட்டிருக்கலாம். ஆனால் அச்சில் வந்த பெயரைக் காட்ட ஆள் தேடுகிற வியாதி எனக்கு. எச்.ஆர். மேனேஜரிடம் நானே ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். பிரமாதம் என்றார். உட்காரச் சொன்னார். இதில் வருகிற நண்பர் நம்ம பாய்தானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்ற பூரிப்பில் நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

போலீசுக்குப் போவோம், ரிலீவிங் லெட்டர் தரமாட்டோம், இந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது என்று உன்னை மிரட்டினார்கள். நீயே ராஜினாமா எழுதித் தந்துவிட்டுப் போ, போகும் முன் பதிவுகளை அழி என்றார்கள். அதற்கு என்னையும் உள்ளே கூப்பிட்டதுதான் கொடுமை. “நீங்கதான் எழுத்தாளராச்சே, எதெல்லாம் நம்ம கம்பெனி விஷயம்னு படிச்சு சொல்லுங்க” என்றார் மேனேஜர். நாற்காலியை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்துவிட்டேன், பாய். எழுந்து வெளியே போயிருக்கலாம். உட்கார்ந்தேன்.

நீ என்னைப் பார்க்காமலே அவரிடம் சொன்னாய்: “அவனுக்கு இன்னாத்துக்கு சார் செரமம். மொத்தத்தையும் எடுத்துடறேன்.”

இரண்டே சொடுக்கு. மூன்று வருடப் பதிவுகள் போயின. ஏரியைப் பற்றி எழுதியது, உன் வாப்பாவின் பேச்சு வழக்கைப் பற்றி எழுதியது, சிங்கப்பூர்க்காரரின் திருத்தங்கள், மதுரைக்காரரின் சண்டை, எல்லாம். உன் கையுறை ரிஜிஸ்டரை அதற்கு முந்தின நாளே எடுத்துப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். உறவினர் ஒருவரின் பெயின்ட் கடையில் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னாய். எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாய். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு நியாயம் பேசித் தப்பித்திருப்பேன். நீ என் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது என்றாய். பஸ் வந்ததும் படியில் ஏறிக்கொண்டே கேட்டாய்:

“எல்லாம் கரெக்ட்டுதாம்பா. ஆனா ஒங் கட்டுரைக்குக் கீழ நான் எங்க எழுதறது?”

பஸ் கிளம்பிவிட்டது.

அந்தக் கட்டுரையை இப்போது தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல பெயர். நிதானமான நடை என்கிறார்கள். அதில் நன்றாக இருக்கிற ஒரே இடம் உன் வரிதான். மேற்கோள் குறிக்குள், எப்படி எழுதக்கூடாது என்பதற்கு உதாரணமாக நான் வைத்தது: ‘காலைல ஏழு மணிக்கு … வந்து கையுறை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சாயந்தரம் கேட்டுல கேட்டா, அவன் இன்னிக்கு வேலைக்கே வரலியாம்.’ நீ எழுதியதில் இன்று மிச்சம் இருப்பது இவ்வளவுதான். அந்தப் பையன் அன்று வேலைக்கு வந்தான் என்பதற்கும் இதுதான் மிச்சம்.

போன மாதம் திருவள்ளூரில் நூல் அறிமுகக் கூட்டம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, அந்த மூன்று புள்ளி இருக்கிற இடத்தில் யார் பெயர் இருந்தது என்று கேட்டார். தனி ஆளின் பெயர் வந்தால் கட்டுரை செய்தியாகச் சுருங்கிவிடும், அதனால் எடுத்தேன் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். கைதட்டினார்கள். அவர் உட்காரவில்லை. “சரிங்க. பேரு இன்னா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை, பாய். அன்று என் பேனாவால்தான் அடித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.