சரிபார்த்தவர் கையெழுத்து

பொம்மனஹள்ளி,
ஜூலை 26

அன்புள்ள அனுஷாவுக்கு,

பிரிஸில்லா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அந்தக் கோழிக்கோட்டு மழையில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கேட்ட வேலை அனுபவச் சான்றிதழ் இதே கவரில் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் இதைப் படி. நேற்றுதான் நம் மேனேஜர் மஞ்சுநாத் சார் என் கையில் கொடுத்தார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் எம்.பி.ஏ. சீட்டே போய்விடும் என்று நாலு தடவை மெசேஜ் போட்டிருந்தாய். இரண்டு நாளில் சேர்ந்துவிடும் என்கிறார் கூரியர்காரர்.

லேபில் எல்லாம் அப்படியேதான். உன் மேஜைக்கு ஓசூரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், மகா என்று பெயர். என் ரிப்போர்ட்டில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இப்போது அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். படித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆறு வருஷம் அந்த இடத்தில் போட்டவள் நீ. ஒரு தசமப் புள்ளிக்காக மத்தியானச் சாப்பாடு வரை என்னோடு சண்டை பிடிப்பாய்.

போன ஞாயிறு நம் ஊருக்கு, கே.ஜி.எஃப். போயிருந்தேன். ஆராதனை முடிந்து மார்க்கெட் பக்கம் வந்தால் உன் அம்மா. "எம் பொண்ணு கோட்டு போட்டுனு எப்படி நிக்கறா பாரும்மா" என்று போனை நீட்டினார்கள். பக்கத்தில் நின்ற என் அம்மா சும்மா இருக்கக் கூடாதா, "நீயும்தானே அவளோட படிச்ச" என்றாள். அது என் பிளேசர், அனு. சிக்பேட்டையில் துணி எடுத்து, என் இன்டர்வியூவுக்காக நான் தைத்தது. உள்பாக்கெட்டில் டெய்லர் பேனாவால் எழுதிய 'பிரி' இன்னும் இருக்கும், பார்த்துக்கொள். நான்தான் கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

எம்.பி.ஏ. ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அதெல்லாம் எதுக்குடி என்று சிரித்தவள் நீ. துணைக்கு வா என்றுதான் உன்னையும் அப்ளை பண்ண வைத்தேன். கம்பெனி வேனில், ஓசூர் ரோடு நெரிசலில், மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டோம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஏன் எம்.பி.ஏ. என்றால் உனக்குப் பதிலே வரவில்லை. மருந்து பேட்ச் பாஸா ஃபெயிலா என்று சொல்வதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது, ஃபெயில் ஆனபிறகு என்ன செய்வதென்று முடிவெடுக்கிற மேஜையில் நான் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? அது என் பதில்.

உனக்குக் கொடுத்தபிறகு அந்தப் பதிலை நான் தொடவில்லை. ஒரே ரீடிங் இரண்டு பேர் நோட்டில் இருந்தால் மோசடி என்று லேபில் பழகிய புத்தி. என் இன்டர்வியூவில் வேறு என்னவோ உளறிவிட்டு வந்தேன், சீட் கிடைக்கவில்லை. உன் இன்டர்வியூவோ வேறு ஊர், வேறு நாள், வேறு ஆட்கள். யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? இதுகூடத் தோன்றாதவளுக்கு எம்.பி.ஏ. ஒரு கேடா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பேலன்ஸ் ஷீட் புரியவில்லை, பி.காம். படித்தவர்கள் சிரிக்கிறார்கள், அழுகையாக வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். பொறாமைதான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. சரி, கேள். கெமிஸ்ட்ரி சமன்பாடு போலத்தான் அதுவும். இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை விடாதே.

இனி ஒரு திருத்தம். மேலே 'நேற்றுதான்' என்று எழுதியதை இப்போது ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். லேப் நோட்டில் செய்வது போலத்தான், அடித்த தப்பு படிக்கும்படி இருக்கிறது. பக்கத்தில் என் இனிஷியலும் தேதியும் போட்டிருக்கிறேன். சரியான விவரம் இது. பதினேழாம் தேதியே சார் கொடுத்துவிட்டார். ஒன்பது நாள் என் லாக்கரில், லேப் கோட்டுக்கு அடியில் கிடந்தது. நீ கேட்டபோதெல்லாம் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று பொய் சொன்னேன்.

நேற்று அவர், "ஏனம்மா, அந்தப் பொண்ணுக்கு லெட்டர் போய்ச் சேந்துச்சா" என்று கேட்டார். சேர்ந்துவிட்டது சார் என்று வாய் கூசாமல் சொன்னேன். முப்பத்தொன்று தாண்டினால் நீ திரும்பி வந்துவிடுவாய், மறுபடி என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தசமப் புள்ளிக்குச் சண்டை பிடிப்பாய் என்றுகூட நினைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது.

கர்த்தர் உன்னோடு இருப்பார். நன்றாகப் படி. அந்தப் பிளேசரை மெஷினில் போட்டுவிடாதே.

கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'சரிபார்த்தவர்' இடத்தை மகாவுக்குக் கொடுக்க முடியாது. மனசு வந்தால் அதில் நீ போட்டு, இந்தத் தாளை எனக்குத் திருப்பி அனுப்பு.

செய்தவர்: பிரிஸில்லா, 26/7

சரிபார்த்தவர்: