பலகைக்கு இந்தப் பக்கம்

மச்சான்,

இன்று காலை, ஊறப்போட்டிருந்த தேங்காய்நார்க் கயிற்றைப் படகுக் கொட்டகையில் வெளியே எடுத்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். பாதி எழுத்து படித்தவன்தான் நான். ஆனாலும் பழவேற்காட்டில் என் கையெழுத்துக்கு ஈடில்லை என்பது உனக்குத் தெரியும். ஓலையும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

வாந்திபேதி வந்த வருஷம் கொட்டகையில் நாம் இருவர் மட்டும் நின்றோமே. பலகையோடு பலகையைக் கயிற்றால் சேர்த்துப் படகு தைக்கிற நாற்பது பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றிப்போக மூன்று படகு வேண்டும், இல்லாவிட்டால் படகு வேலையே சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விடும் என்றான் கோட்டைத் துரை. என்னைக் கேட்காமல் அவன் சாப்பிடவே மாட்டான். வேலை போனால் நாற்பது வீட்டு அடுப்பும் எரியாது.

தோணியில் நின்று, அவர்கள் குடியிருக்கும் பசியாவரம் முழுக்கக் கூவினேன். காட்டூர் வயல் வரைக்கும் கேட்டதாம். ஒருவரும் வரவில்லை, பயந்து படுத்தவர்களுக்குப் படுக்கையே பழகிவிட்டது.

அப்போதுதான் நீ சொன்னாய்: "தைக்கிறவன் ஒருத்தன் படகுக்கு உள்ளே, ஒருத்தன் வெளியே. நடுவுல பலகை நிக்குது. அப்புறம் இன்னா பயம்? ஆகாத ரெண்டு பேரா பார்த்து ஜோடி போடு மாமா. கயித்தோட மறுமுனை மத்தவன் கையில இருக்கும், எவனும் எழுந்து ஓட முடியாது."

முதல் ஜோடி முனியனும் கோவிந்தனும். ஏழு வருஷமாகப் பேச்சில்லாதவர்கள். மற்றவன் வருகிறான் என்றதுமே இருவரும் வந்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து முனியன் கயிற்றை இழுத்தான். "உன் பொண்ணு கண்ணாலத்துல என்னை ரெண்டாம் பந்தியில ஒக்கார வெச்சியே. நண்டுக்காலுதான் மிஞ்சிச்சு."

கோவிந்தன் திருப்பி இழுத்தான். "மொத பந்தியில நீ துன்னிருந்தா காலும் மிஞ்சியிருக்காது."

அவ்வளவு இறுக்கமான தையலை நான் கண்டதில்லை. பொழுது சாய்ந்தபோது முனியன் பதில் சொல்ல வாயெடுத்தான். நீ கயிற்றை வாங்கிச் சுருட்டி, "மிச்சம் நாளைக்கு" என்றாய். மறுநாள் விடியும்போதே வந்து நின்றான். சேதி பரவ, அவரவர் பகையோடு ஆட்கள் வந்தார்கள். ஆரம்பாக்கத்துக்காரன் ஒருவன் மைத்துனனைத் தேடியே வந்தான். இருபது ஜோடி சேர்ந்தது. ஒரு தலையும் குறையவில்லை.

கப்பல் வந்தபோது மூன்று படகும் மீனெண்ணெய் பூசி மினுங்கின. பனைமர உயர அலையைத் தாண்டிப் போய்வந்தன. ஒரு தையல் விடவில்லை. முதல் படகில் முனியனும் கோவிந்தனும் அடுத்தடுத்து உட்கார்ந்து, துடுப்புப் போட்டபடி அதே பந்தியைப் பேசிக்கொண்டு போனார்கள். கோட்டையில் மரியாதைப் பீரங்கி வெடித்தது. கப்பலுக்கு என்பார்கள், எனக்குத்தான்.

அந்த யோசனை என்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ மட்டும் தினமும் மல்லுக்கு நின்றாய். போன ஐப்பசியில், இருமலுக்கு நடுவிலும், "அது என் யோசனை மாமா" என்றாய். நான் வாயெடுப்பதற்குள், "மிச்சம் நாளைக்கு" என்று திரும்பிப் படுத்தாய். உனக்கு அந்த நாளை விடியவில்லை.

அந்த மிச்சம் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த வயதிலும் எல்லாருக்கும் முன்னால் கொட்டகைக்கு வந்துவிடுகிறேன். பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துச் சொல்கிறேன்: அது என் யோசனைதான், மச்சான்.