கேட் வரை

அக்டோபர் 3

மூன்று பேய்க்கதைகள் சேர்ந்து ஒரு படம். முதல் கதையை இன்று போட்டுப் பார்த்தேன். கர்ப்பிணி வீட்டுக் கூரையிலிருந்து, கருவை உறிஞ்சும் பேயான அஸ்வாங்கின் நாக்கு இறங்குகிறது. ரப்பர் நூடுல்ஸ். இரண்டாவதில் பேய் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவது என்னுடையது, இன்னும் எடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வாய்.

என் கதையில் பேயே கிடையாது. போலீஸ் சுட்டுக் கொன்ற பையனின் சாவு வீடு. போதை ஆசாமி என்று அவன் பெயரைப் போலீஸிடம் எழுதிக் கொடுத்த வார்டு தலைவரே துக்கம் கேட்க வருகிறார். தம்பி ரொமெலுக்கு நடந்தது இதுதான். தயாரிப்பாளரிடம் கற்பனை என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 9

மலபோன் ஊரில் என் கதையின் படப்பிடிப்பு. தலைவர் கிளம்புகிறார், தாய் கேட் வரை வந்து வழியனுப்புகிறாள். காமிரா வெளியே வர ஒரு சாக்கு வேண்டுமே என்று அப்படி எழுதியிருந்தேன். தாயாக நடிக்கும் ருஃபினா அக்கா சவப்பெட்டிப் பக்கத்திலிருந்து எழவே இல்லை.

"ஏண்டி, நீ இந்த ஊர்ப் பொண்ணுதானா? எழவு வீட்டுல வந்தவங்கள யாராச்சும் வழியனுப்புவாங்களா? சாவு அவங்க பின்னாடியே போயிடும்டி!"

லைட்மேன்கள் சிரித்தார்கள். எப்படி மறந்தேன்? ஷாட், ஷாட் என்று அலைந்தால் இப்படித்தான். அந்த வரியை அடிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தார்.

"இரு. இந்தாளுதானே பேர் குடுத்தான்?"

"ஆமாக்கா."

"அப்ப போறேன். கேட் வரைக்குமே போறேன்."

போனார். தலைவர் தோளில் கை வைத்து, "பத்திரமா போங்க. வீட்டுல புள்ளைங்கல்லாம் சௌக்கியமா?" என்று சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தலைவராக நடித்தவர், சாவு கூடவே வந்துவிடுமோ என்று நேரே வீட்டுக்குப் போகப் பயந்து, சாயங்காலம் வரை காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாராம்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அம்மாவோடு ரொமெலைப் பார்க்கப் போனேன். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நவம்பர் 14

தயாரிப்பாளர் செல்சோ என் கதையைப் போட்டுப் பார்த்தார்.

"பேய் எங்கம்மா? கடைசில பெட்டிக்குள்ள பையன் கண்ண முழிக்கட்டும். இல்லன்னா உன் கதையத் தூக்கிட்டு மத்த ரெண்டோட விட்டுடலாம்."

என் தம்பி முழிக்கமாட்டான், பாஸ். தொண்டை வரை வந்தது. முடியாது என்று மட்டும் சொன்னேன்.

"சரி, ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். அவங்க சொல்லட்டும்."

நவம்பர் 20

போட்டுக் காட்டினோம். நாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் கையில் போன். என் கதையில் அந்தத் தாய் நாற்காலியை விட்டு எழுந்ததும் சோளப்பொரி மெல்லும் சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒருத்தி, "வேணாம், போகாத... ஐயோ, போகாத" என்று கெஞ்சினாள். கேட் நெருங்க நெருங்க அரங்கமே முனகியது. செல்சோ எதையும் வெட்டப் போவதில்லை.

ஜெயித்துவிட்டேன். தம்பி சாவை வைத்து. என்ன பிழைப்பு இது?

டிசம்பர் 25

படம் வெளியானது. தியேட்டரில் நீள வரிசை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 27

யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "என் புள்ள கதையாமே? என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள். போனோம். திட்டுவாள், அழுவாள் என்று பயந்தேன். இரண்டும் இல்லை. திரும்ப ஜீப்னி பஸ் பிடித்தோம். பாதி வழியில் சொன்னாள்:

"அன்னைக்கு அந்தத் தலைவன் நம்ம வீட்டு எழவுக்கும் வந்தான்ல, ரொட்டி வாங்கிட்டு."

"ஆமாம்மா."

"வழக்கத்த மீறக் கூடாதுன்னு அசையாம உக்காந்திருந்தேன். எந்திரிச்சிருக்கலாம்டி. நம்ம கேட் ஒண்ணும் தூரமில்லையே."