பீச் மரத்து நுரையீரல்

வைலே, டென்மார்க்
13 ஒக்ரோபர் 2024

அன்பு மச்சாள் யோகம்மாவுக்கு,

மானிப்பாயில் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் தம்பிக்கு மூச்சுவாங்கல் அப்படியேதான். ஒக்சிசன் போத்தலை இழுத்துக்கொண்டு திரிகிறார். வாய் மட்டும் குறையவில்லை, நேற்றும் என் புளிக்குழம்புக்குக் குறை சொன்னார்.

போனில் கதைத்த விசயத்துக்குத்தான் இந்தக் கடிதம். பழைய காட்டு மரங்களில் ஒட்டி வளரும் ஒரு பாசிக்கு இங்கே ‘லுங்கலாவ்’, நுரையீரல் பாசி, என்று பெயர். முந்தி நெஞ்சு வருத்தத்துக்கு அவித்துக் குடித்தார்களாம் என்று நான் சொல்லப்போக, “அவிச்சுக் குடு பிள்ளை, என்ர தம்பி எழும்புவான்” என்றீர்கள். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. நாங்கள் எதைத்தான் அவித்துக் குடிக்காமல் விட்டோம்!

சனிக்கிழமை கத்தியும் சாப்பாட்டுப் பெட்டியுமாய்க் காட்டுக்குப் புறப்பட்டேன். இவர் தானும் வருவேன் என்று அடம்பிடித்து, ஒக்சிசன் போத்தலோடு வந்தார். பாசி ஒட்டியிருந்த மரம் பீச் என்கிற பழைய காட்டு மரம், இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் அடங்காது. பாசியோ காய்ந்த தோல் மாதிரிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சப்பென்றாகிவிட்டது. ஆனாலும் ஒரு துண்டைச் சுரண்டி எடுத்தேன்.

அப்போது இவர் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதன் மேல் ஊற்றினார். ஐயோ மச்சாள், எப்படிச் சொல்வேன்! கண்ணுக்கு முன்னாலேயே பச்சைப் பசேலென்று விரிந்தது. மேடும் பள்ளமுமாய், டொக்டர் படத்தில் காட்டிய நுரையீரலேதான். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

திரும்பவும் கத்தியை எடுத்தேன். “இஞ்சரப்பா, விடு. இந்தக் காட்டில இந்த ஒரு மரத்திலதான் மிச்சமாம், வாசல் பலகையில எழுதிக்கிடக்கு. இதைக் குடிச்சு நான் எத்தினை நாள் இருக்கப்போறன்?” என்றார். உங்கட உயிரைவிட இந்தப் பாசி பெரிசோ என்று கத்தினேன். அவர் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் காணவில்லை. கத்தியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சுரண்டிய துண்டை அவிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. சாமித்தட்டில் வைத்திருக்கிறேன்.

மச்சாள், கோபிக்காதீர்கள். இனி மருந்து ஒன்றும் சொல்லாதீர்கள், அனுப்பவும் வேண்டாம். விசாவுக்கு எழுதுங்கள், இங்கிருந்து வேண்டிய கடிதத்தை நான் அனுப்புகிறேன். குளிர் போகட்டும், பங்குனியில் வாறன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு முன் வந்துவிடுங்கள். உங்கள் தம்பி ஒருநாளும் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கமலர்