இடது பெருவிரல்

மார்ச் 4

எனக்கு எழுதத் தெரியாது. மறக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மைத்துனன் எழுதுகிறான். முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவேன். "உங்க சந்தேகத்துக்கு எந்தக் கடையிலயும் மருந்து கிடையாது அத்தான்" என்கிறான். அதையும் எழுதடா என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே வேலையிலிருந்து வந்தாள். அவளுடைய தையல் மிஷினுக்கு மேலே மூன்று புது விளக்கு மாட்டியிருக்கிறார்களாம். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு தொப்பிக்காரர் வந்திருக்கிறார். அவள் தைப்பதை அடுத்த வாரம் படம் பிடிப்பாராம்.

"முகத்தையுமா?"

"கையை மட்டும்தான். என் மூஞ்சி அவங்களுக்கு எதுக்குப்பா?"

கை மட்டும் போதும் என்கிறவனை நம்பலாமா?

மார்ச் 6

அவள் கம்பெனியில் ஷூவின் மேல் தோலை மட்டும்தான் தைக்கிறார்கள். தோல் ஒரு நாட்டிலிருந்து கப்பலில் வரும். தைத்தது இன்னொரு நாட்டுக்குக் கப்பலில் போகும். அங்கே அச்சில் ஏற்றி, சோல் ஒட்டி, பெட்டியில் போட்டு, மூன்றாவது நாட்டின் பெயரை ஒட்டுவார்கள். லாபம் எந்த நாட்டில் இறங்குகிறதோ!

என் காலத்தில் முழு ஷூவும் இங்கேதான். மரத்தில் பாதம் போலச் செய்த அச்சின்மேல் தோலை முதலில் கை இடுக்கியாலும் பிறகு மிஷினாலும் இழுத்து ஏற்றுவது என் வேலை. முப்பத்தொரு வருஷம். பிறகு ஒருநாள் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான் — மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை — மிஷின்களை நாடா வைத்து அளந்தான். அப்புறம் கேமரா வந்தது. நாற்பத்தோராம் நாள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். கூலி குறைந்த நாட்டுக்குப் போகிறதாம். என் மிஷினை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டியதும் நானேதான். பத்தொன்பது வருஷமாகிறது.

மார்ச் 7

மகளுடைய கம்பெனியில் வெள்ளை அடிக்கிறார்களாம்.

மார்ச் 9

கடைத்தெருவில் மகளுடைய சூப்பர்வைசரைப் பிடித்தேன். எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்பதால் அவர் பெயரே சரிசரி.

"படம் எதுக்கு தம்பி?"

"புது ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் பெரியவரே."

"எந்த நாட்டு ஆளுங்களுக்கு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சரி சரி, நான் வரேன்."

மடியில் கனமில்லாதவன் இப்படி ஓடுவானா?

மார்ச் 11

நாளைக்குப் படம்.

குதிகால் வளைவு வரும்போது மகள் ஒன்று செய்வாள். இடது பெருவிரலால் தோலை மயிரிழை அளவு நெகிழ்த்திவிட்டுத் தைப்பாள். நாலு வருஷம் முன்பு கிழிந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்து அவளாகக் கண்டுபிடித்தது. அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் மேஜைமேல் தையல் இன்னும் அழகாகத்தான் இருக்கும். அச்சில் இழுக்கும்போதுதான் கிழியும். சரிசரிக்கே இது தெரியாது.

"நாளைக்கு அந்த விரலைத் தூக்கி வெச்சுக்கோ" என்றேன்.

"அது ஏமாத்து வேலை இல்லையாப்பா?"

"உன் கைவேலையைச் சுருட்டிக்கிட்டுப் போறது மட்டும் என்னவாம்? நீ இங்க சும்மா உக்காந்திருப்பே, அங்க எவளோ தைப்பா. நான் பட்டவன் சொல்றேன்."

மகள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

மார்ச் 12

"தூக்கினேன். போதுமா?" அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 2

கம்பெனி வாசலில் லாரி என்றார்கள். நினைத்தேன்! நாற்பத்தொரு நாள்கூட ஆகவில்லையே என்று ஓடினேன். எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தேன். மரப்பெட்டிகளை உள்ளேதான் கொண்டுபோனார்கள். மிஷின்களை அடைத்து அனுப்பக் காலிப்பெட்டி வருகிறதோ? காலிப்பெட்டி தூக்க எட்டுப் பேரா? ஒரு பெட்டியில் பலகை விலகியிருந்தது. உள்ளே இரும்பு இடுக்கியின் பல். அச்சில் தோல் இழுக்கும் மிஷின்.

மிஷின் போகவில்லை, வருகிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 4

இன்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்களாம். இனி முழு ஷூவும் இங்கேயே. புதிதாக நூற்றிருபது பெண்களைச் சேர்த்துப் பத்து நாளாகப் பின் ஷெட்டில் பழக்குகிறார்களாம். பதினைந்தாம் தேதி தொப்பிக்காரர் வந்து அறுபது ஜோடி மாதிரி பார்ப்பார். தேறினால் வேலை நமக்கு; இல்லாவிட்டால் வேறு நாட்டுக்கு.

மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் படத்தைப் பார்த்துத்தான்பா எல்லாரும் பழகியிருக்காங்க. நூத்தியிருபது பேரும் விரலைத் தூக்கிக்கிட்டு... என்னைவிட அழகா தைக்கிறாங்க."

"போய்ச் சொல்லிடும்மா."

"என்னன்னு? தெரிஞ்சே தப்பா காட்டினேன்னா? அன்னைக்கே என் வேலை போயிடும்."

நான் போகிறேன் என்றேன்.

ஏப்ரல் 6

கம்பெனிக்குப் போய், அந்தத் தையல் அச்சில் கிழியும் என்றேன். சரிசரி சிரித்தார். "மேஜையில வெச்சுப் பார்த்தாச்சு பெரியவரே. கண்ணுல ஒத்திக்கலாம்." அச்சு மிஷினை ஓட்ட வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டுமாம், அதுவரை தொட மாட்டார்களாம். பிறகு அவர் பார்வையில் சந்தேகம் ஏறிற்று. "உங்களை யார் அனுப்பினா?"

என் பார்வை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு அச்சும் இடுக்கியும் கேட்டேன். தைத்த தோல் ஒன்றை அச்சில் மாட்டி, குதிகால் பக்கம் இழுத்தேன். கை மறக்கவில்லை. பட்டென்று கிழிந்தது.

"படத்துல விரலைத் தூக்கச் சொன்னது நான். அவளைத் திட்டாதீங்க" என்றேன்.

அவர் கிழிந்த தோலை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் ஓடினார்.

ஏப்ரல் 8

மகளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி படம் பிடித்தார்கள். விரலை வைத்துத் தைத்தாளாம். ஆனால் வெட்டித் தைத்த தோலெல்லாம் வீண்; பிரித்தால் ஊசித் துளை நிற்கும். அந்த மாதிரி ஷூவுக்கு நம்மிடம் வேறு தோல் கிடையாது. கப்பல் இருபத்தெட்டாம் தேதிதான் வருமாம்.

ஏப்ரல் 15

தொப்பிக்காரர் வந்தார். காட்ட ஒரு ஜோடிகூட இல்லை. கடைகளுக்குச் சரக்குப் போகத் தேதி குறித்தாயிற்று, காத்திருக்க முடியாது என்றாராம். அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

ஏப்ரல் 19

நூற்றிருபது பேரும் இன்று கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர். மகள் பழையபடி மேல் தோல் தைக்கப் போகிறாள். என்னோடு பேசுகிறாள். "தண்ணி வேணுமா", "விளக்கை அணைக்கவா". அவ்வளவுதான்.

"அவங்க எப்படியும் ஒருநாள் வேலையைக் கொண்டுபோயிருப்பாங்க அத்தான்" என்றான் மைத்துனன். இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் இந்தத் தடவை சாக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஏப்ரல் 23

அச்சு மிஷின் துறைமுகத்துக்குத் திரும்பிப் போகிறது. சோல் ஒட்டுகிற அந்த இன்னொரு நாட்டுக்கு. இரண்டாவது படமும் கூடவே போகிறதாம். அதில் மகளுடைய பெருவிரல் இருக்கிறது.

லாரியில் கயிறு கட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று சரிசரி கேட்டார். போய்க் கட்டிக் கொடுத்தேன்.

எழுதியதை வாசிக்க வாயெடுத்தான் மைத்துனன். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.